நூற்றுக்கு நூறு போதுமா?

கையால் எழுதிய கணக்கில் ஒரு பிழை நேர்ந்தால், அது ஒரு பேரேட்டின் ஒரு பக்கத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். கம்ப்யூட்டருக்கு எழுதிய கட்டளையில் ஒரு பிழை நேர்ந்தாலோ, அது ஒரே நாளில் லட்சக்கணக்கான ஜனங்களைத் தொட்டுவிடக் கூடும். பாங்கியில் நாம் போட்டு வைத்த பணம், ரயில் டிக்கட், ஆஸ்பத்திரியில் நோயாளியின் உடம்பில் ஏற்றும் மருந்தின் அளவு, ஆகாயவிமானத்தின் போக்கு, ஏழைகளுக்கு ஸர்க்கார் வழங்கும் உதவித் தொகை ஆகிய இவை யாவும் இன்று மென்பொருளின் வசத்தில் இருக்கின்றன. ஆகவே, அந்த மென்பொருளை எவ்வாறு பரீட்சித்துப் பார்க்கிறார்கள் என்பதைத் தொழில் நிபுணர்களுடைய சொந்த விவகாரம் என்று பொது ஜனங்கள் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

இந்தத் தொழிலில் 'கவரேஜ்' என்ற ஒரு சொல் அடிக்கடி அடிபடுகிறது. பரீட்சை எட்டிய அளவு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். "எங்கள் மென்பொருளுக்கு 90 சதவிகிதம் கவரேஜ் உண்டு" என்று ஒரு கம்பெனி சொல்லுகிறது. கேட்பவர், அந்த மென்பொருள் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சரியானது என்று அர்த்தம் செய்துகொண்டு திருப்தியடைகிறார். சொன்னதற்கும் கேட்டவர் புரிந்துகொண்டதற்கும் இடையே பெரும் பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை வாசகர்களுக்குக் காட்டுவதே நமது உத்தேசம்.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கவரேஜ் குறைவாயிருந்தால், அது அசட்டைக்கு ருஜு. ஆனால் கவரேஜ் நிறைவாயிருப்பது தரத்துக்கு ருஜு ஆகாது. எந்த இடத்தைப் பார்க்கவில்லை என்பதை அந்த எண் சொல்லும்; பார்த்த இடத்தைச் சரியாகப் பார்த்தார்களா என்பதைச் சொல்லாது. இந்த ஒரு வித்தியாசத்தை மறந்ததனால் விளையும் கெடுதல்கள் பல.

கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது?

ஒரு புரோகிராம் என்பது கம்ப்யூட்டர் வரிசையாக நிறைவேற்ற வேண்டிய கட்டளைகளின் தொகுதி. சில கட்டளைகள் எப்போதும் நிறைவேறும். சில கட்டளைகள் 'இப்படியிருந்தால்' என்ற நிபந்தனைக்கு உட்பட்டு, சில சமயங்களில் மட்டும் நிறைவேறும். பரீட்சை செய்பவர் ஒரு மாதிரி மனுவையோ மாதிரிக் கணக்கையோ புரோகிராமுக்குக் கொடுத்து, அது தரும் விடையைத் தாம் எதிர்பார்த்த விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். இதற்கு டெஸ்ட் கேஸ் என்று பெயர். ஆயிரம் டெஸ்ட் கேஸ்களை ஓட்டிய பின்னும், புரோகிராமின் ஏதோ ஒரு மூலையிலுள்ள கட்டளை ஒரு தடவைகூட நிறைவேறாமலே இருந்துவிடலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய உபாயம் செய்தார்கள். பரீட்சைக்கு முன், கட்டளைகளுக்கு இடையே சிறு சிறு குறிகளைக் கருவி ஒன்று தானாகவே செருகி வைக்கும். கம்ப்யூட்டர் ஒரு வரியைக் கடக்கும்போது அங்குள்ள குறி பதிவாகும். பரீட்சைகள் யாவும் முடிந்த பின், பதிவான வரிகளைப் பச்சையாகவும் பதிவாகாத வரிகளைச் சிவப்பாகவும் கருவி காட்டிவிடும். மொத்த வரிகளில் நூற்றுக்கு எத்தனை பச்சை என்பதே கவரேஜ் எண். இந்த யோசனை புதிதல்ல. 1963-ம் வருஷத்திலேயே ஜோன் மில்லர், கிளிஃபோர்ட் மலோனி என்ற இருவர், ஒரு புரோகிராமிலுள்ள கிளைகளை ஒழுங்காகப் பட்டியலிட்டு ஒவ்வொன்றையும் பரீட்சை தொட வேண்டும் என்று அமெரிக்கக் கம்ப்யூட்டர் சங்கத்தின் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள்.

ஒரே வரியால் வந்த வினை

சிவப்பு வரிகளைப் பார்ப்பதனால் என்ன பிரயோஜனம் என்பதற்கு, ஆப்பிள் கம்பெனியின் கைப்பேசியில் 2014-ல் வெளிப்பட்ட பிழையைக் காட்டிலும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. நாம் ஒரு பாங்கியின் தளத்தோடு கைப்பேசி மூலம் தொடர்பு கொள்ளும்போது, மறுமுனையில் இருப்பது உண்மையில் அந்தப் பாங்கிதானா என்று கைப்பேசியிலுள்ள மென்பொருள் கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டும். அதற்கான பகுதியில் பல சோதனைகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு சோதனைக்கும் கீழே, 'இது தவறினால் முடிவுக்குத் தாவு' என்ற பொருளில் ஒரு வரி. ஓரிடத்தில் மட்டும் அந்தத் தாவும் வரி இரண்டு தடவை எழுதப்பட்டுவிட்டது. முதல் வரி நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது வரியோ எந்த நிபந்தனைக்கும் உட்படாதது. ஆகவே கம்ப்யூட்டர் எப்போதும் அங்கேயே தாவி முடிவுக்குச் சென்றுவிட்டது. அதற்குப் பின் இருந்த முக்கியமான கையெழுத்துச் சோதனை ஒரு தடவைகூட நடக்கவில்லை. அதுவரையில் தவறு எதுவும் பதிவாகாததால், 'எல்லாம் சரி' என்ற விடையும் வெளிவந்தது. வழியில் நின்று மறித்துப் படிக்கும் மோசக்காரனைப் பாங்கி என்று நம்பிவிடும்படியான நிலைமை இதனால் உண்டாயிற்று. 2014 பிப்ரவரி 21-ந் தேதி அக்கம்பெனி திருத்தம் வெளியிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது யாதெனில், அந்தத் தாவும் வரிக்குக் கீழுள்ள வரிகள் எந்தப் பரீட்சையிலும் நிறைவேறியிருக்க முடியாது. கவரேஜ் கணக்கு எடுத்து ஒருவர் அந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்த்திருந்தால், முழுப் பகுதியின் உயிர் நாடியான வரிகள் சிவப்பாக இருப்பது கண்ணில் பட்டிருக்கும். 'இது ஏன் ஒருபோதும் நிறைவேறவில்லை?' என்ற கேள்வி பிறந்திருக்கும். கவரேஜ் கணக்கின் உண்மையான உபயோகம் இதுவே.

ஒரு விதி, நான்கு மனுதாரர்கள்

பச்சை நிறத்திலும் பல தரங்கள் உண்டு. அதை விளக்குவதற்கு ஒரு கற்பனை விதியை எடுத்துக்கொள்வோம். 'வயது 60 நிரம்பியவராகவோ அல்லது மாற்றுத்திறனாளியாகவோ இருந்து, ஆண்டு வருமானமும் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால், மனுதாரருக்கு மாதம் 1,000 ரூபாய் உதவித் தொகை வழங்கலாம்' என்பது விதி. இதைப் புரோகிராமாக எழுதியவர், தகுதி இருந்தால் தொகை 1,000 என்று எழுதினார்; தகுதி இல்லாவிட்டால் தொகை பூஜ்யம் என்று எழுத மறந்துவிட்டார். இதன் பலனாக, தகுதியற்றவர் வரும்போது அவருக்கு முன் வந்தவருடைய தொகை அப்படியே நின்றுவிடும்.

இதைப் பரீட்சிக்க, 70 வயதான ஓர் ஏழைக் கிழவரின் மனுவை மட்டும் கொடுத்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். தொகை 1,000 என்று சரியான விடை வரும். புரோகிராமிலுள்ள எல்லா வரிகளும் நிறைவேறியும் விட்டன. வரிக் கவரேஜ் நூற்றுக்கு நூறு! ஆனால் பிழை பத்திரமாக உள்ளே இருக்கிறது.

ஆகையால் வரிகளை மட்டும் எண்ணினால் போதாது. ஒவ்வொரு நிபந்தனையும் 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் இரு பக்கமும் கிளைத்ததா என்று பார்க்க வேண்டும் என்று அடுத்த படிக்குப் போனார்கள். இது கிளைக் கவரேஜ். இப்போது ஏழைக் கிழவருக்குப் பிறகு, 70 வயதான ஒரு தனவந்தரின் மனுவையும் கொடுக்க வேண்டும். அவருக்கும் 1,000 ரூபாய் என்று விடை வருவதால், மறந்துபோன வரி உடனே அகப்பட்டுவிடும். அதைத் திருத்தி எழுதினால் கிளைக் கவரேஜும் நூற்றுக்கு நூறு.

திருப்தியடைந்து விடலாமா? இந்த இரண்டு மனுக்களிலும் மாற்றுத்திறனாளி எங்கே? வந்தவர் இருவரும் 60 வயதைக் கடந்தவர்கள். 'அல்லது' என்ற சொல்லின் ஒரு பக்கம் பொருந்திவிட்டால், மறு பக்கத்தைப் பெரும்பாலான கம்ப்யூட்டர் மொழிகள் பார்ப்பதே இல்லை. மாற்றுத்திறனாளியைப் பற்றிய நிபந்தனை தலைகீழாக எழுதப்பட்டிருந்தாலும், இந்தப் பரீட்சையில் அது தெரிய வராது. 30 வயதில் நடக்க இயலாத ஒருவர் ஆபீஸ் வாசலுக்கு வந்து, "உங்களுக்குத் தகுதி இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லுகிறது" என்ற பதிலைப் பெற்றுத் திரும்பிப் போகும்போதுதான் தெரிய வரும். அப்போதும் அவருக்குத் தெரியுமே ஒழிய, ஆபீஸுக்குத் தெரியும் என்பது நிச்சயமில்லை. நூற்றுக்கு நூறு என்று சர்ட்டிபிகேட் பெற்ற புரோகிராமை எதிர்த்து ஓர் ஏழை எப்படி வாதாடுவார்?

இதற்கும் ஒரு படி மேலே சென்று, ஒவ்வொரு நிபந்தனையும் மற்றவை மாறாதிருக்கும்போது தான் ஒன்றே மாறி முடிவையும் மாற்றுகிறது என்று காட்ட வேண்டும் என்றார்கள். நமது விதிக்கு இம்முறைப்படி நான்கு மனுதாரர்கள் வேண்டும். முதல்வர் 70 வயது, ஊனமில்லாதவர், ஏழை. அவருக்குத் தொகை உண்டு. இரண்டாமவர் 30 வயது, ஊனமில்லாதவர், ஏழை, அவருக்கு இல்லை. மூன்றாமவர் 30 வயது, மாற்றுத்திறனாளி, ஏழை, அவருக்கு உண்டு. நான்காமவர் 70 வயது, ஊனமில்லாதவர், பணக்காரர், அவருக்கு இல்லை. முதலிருவரை ஒப்பிட்டால் வயதின் வேலை தெரிகிறது. இரண்டாமவரையும் மூன்றாமவரையும் ஒப்பிட்டால் மாற்றுத்திறன் நிபந்தனையின் வேலை தெரிகிறது. முதல்வரையும் நான்காமவரையும் ஒப்பிட்டால் வருமானத்தின் வேலை தெரிகிறது. மூன்று நிபந்தனைகளையும் எல்லா விதமாகவும் கலந்து பார்த்தால் 8 மனுக்கள் வேண்டும். இம்முறையில் 4 போதும். பத்து நிபந்தனைகள் இருந்தால் 1,024 மனுக்களுக்குப் பதிலாகப் பொதுவாக 11 மனுக்கள் போதும். சிக்கனமும் கடுமையும் ஒருங்கே அமைந்த முறை இது.

ஆகாயவிமானத் துறையின் ஏற்பாடு

பயணிகள் விமானங்களிலுள்ள மென்பொருளுக்கு இவ்விஷயத்தில் ஏற்பட்டிருக்கும் ஒழுங்கு மற்றத் துறைகளுக்கு வழிகாட்டியாக இருக்கிறது. 1992-ல் வெளியான டி.ஓ.-178பி என்ற வழிகாட்டியும், அதைப் புதுப்பித்து 2011-ல் வெளியான டி.ஓ.-178சி என்ற வழிகாட்டியும் மென்பொருளை அதன் பிழையால் விளையும் அபாயத்தைக் கொண்டு தரம் பிரிக்கின்றன. பிழை நேர்ந்தால் விமானமே விழுந்துவிடும் என்ற நிலையிலுள்ள 'ஏ' தர மென்பொருளுக்கு மேலே சொன்ன கடுமையான முறை கட்டாயம். அடுத்த 'பி' தரத்துக்கு இரு பக்கமும் கிளைத்தால் போதும். 'சி' தரத்துக்கு ஒவ்வொரு வரியும் நிறைவேறியிருந்தால் போதும்.

இந்த ஏற்பாட்டில் எண்ணைக் காட்டிலும் முக்கியமான அம்சம் ஒன்று உண்டு. பரீட்சைகள் புரோகிராமைப் பார்த்து எழுதப்படுவதில்லை. மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்ற தேவைப் பட்டியலைப் பார்த்து எழுதப்படுகின்றன. அவற்றை ஓட்டிய பிறகே கவரேஜ் கணக்கு எடுக்கப்படுகிறது. ஒரு வரி தொடப்படவில்லை என்று தெரிந்தால், உடனே அதைத் தொடுவதற்கென்று ஒரு பரீட்சையை ஜோடித்துக் கணக்கை நிரப்பிவிடுவது முறையல்ல. ஏன் தொடப்படவில்லை என்று விசாரிக்க வேண்டும். பரீட்சையில் குறை இருக்கலாம்; தேவைப் பட்டியலில் ஓர் அம்சம் விட்டுப் போயிருக்கலாம்; எந்தத் தேவைக்கும் உதவாத செத்த வரியாக இருக்கலாம், அப்படியானால் அதை நீக்கிவிட வேண்டும்; அல்லது இந்த விமானத்துக்கு வேண்டாமென்று வேண்டுமென்றே அணைத்து வைத்த பகுதியாக இருக்கலாம், அப்படியானால் அது தவறிக்கூட விழித்துக்கொள்ளாது என்று ருஜுப்படுத்த வேண்டும். சிவப்பு வரி ஒவ்வொன்றும் ஒரு விசாரணைக்கு ஆரம்பம் என்பதே இதன் தாத்பரியம்.

எல்லா வழிகளிலும் சென்று பார்க்கலாகாதா?

கிளைகளைத் தனித்தனியே பார்ப்பதற்குப் பதில், ஆரம்பத்திலிருந்து முடிவு வரையில் செல்லக்கூடிய ஒவ்வொரு வழியையும் பார்த்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் கணக்கு இடம் கொடுக்காது. ஒன்றன் பின் ஒன்றாக 20 நிபந்தனைகள் இருந்தால் வழிகள் 10,48,576. விநாடிக்கு ஒரு பரீட்சை வீதம் ஓட்டினாலும் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் ஆகும். நிபந்தனைகள் 40 ஆனாலோ, அதே வேகத்தில் சுமார் 34,800 வருஷங்கள் வேண்டும். நடைமுறையிலுள்ள புரோகிராம்களில் நிபந்தனைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆகவே முழுப் பரீட்சை என்பது மனிதரால் ஆகாத காரியம். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்ற பகுத்தறிவு இங்கே அவசியமாகிறது. அந்தப் பகுத்தறிவுக்குக் கவரேஜ் ஓர் உதவி. அதன் ஸ்தானத்தைத் தானே வகிக்க வல்லதல்ல.

பச்சை வரியும் கொல்லும்

நூற்றுக்கு நூறு என்ற எண் எங்கே கைவிட்டுவிடும் என்பதற்கு, 1996 ஜூன் 4-ந் தேதி தென் அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சு கயானாவில் கூரு என்னும் இடத்திலிருந்து ஏவப்பட்ட ஆரியான்-5 ராக்கெட்டின் கதையை நினைவூட்ட விரும்புகிறோம். ஐரோப்பிய நாடுகள் கூடிச் செய்த அந்தப் புதிய ராக்கெட்டுக்கு அது முதல் பயணம். விஞ்ஞான ஆராய்ச்சிக்கான 'கிளஸ்டர்' துணைக்கோள்கள் நான்கு அதில் இருந்தன. கிளம்பிச் சுமார் 40 விநாடிக்குள் அது வழி தவறி, வானிலேயே சிதறிப் போயிற்று.

ஜாக் லூயி லியோன்ஸ் என்ற பிரெஞ்சு கணித நிபுணரின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு காரணத்தைக் கண்டு சொல்லிற்று. ராக்கெட்டின் நிலையை அளக்கும் கருவியிலிருந்த மென்பொருள், முந்திய ஆரியான்-4 ராக்கெட்டிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி, ராக்கெட் தரையில் இருக்கும்போது மட்டுமே ஆரியான்-5-க்கு உதவுவது. ஆயினும் பழைய வழக்கப்படி, கிளம்பிய பின்னும் சற்று நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அதிலுள்ள ஒரு கட்டளை, படுக்கை வாட்ட வேகத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு பெரிய எண்ணை 16 பிட் கொண்ட ஒரு சிறு இடத்தில் எழுத வேண்டும். அந்த இடத்தில் 32,767-க்கு மேற்பட்ட எண் அடங்காது. ஆரியான்-4-ன் போக்கில் அந்த எண் ஒருபோதும் அவ்வளவு பெருகியதில்லை. ஆரியான்-5 ஆரம்பத்திலேயே படுக்கை வாட்டத்தில் அதிக வேகம் கொள்வது. எண் அளவை மீறிற்று; மென்பொருள் கருவியை நிறுத்திவிட்டது. ஆபத்துக்கு உதவும் மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள் இருந்தபடியால், அதுவும் அதே காரணத்தால் நின்று போயிற்று. கருவி கடைசியாக அனுப்பிய பழுதுக் குறிப்பைப் பயண விவரம் என்று நம்பிய தலைமைக் கம்ப்யூட்டர், ராக்கெட்டைத் திடீரென்று திருப்பியது. முடிவு நாசம்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, அந்தக் கட்டளை ஆரியான்-4-ன் பயணங்களில் திரும்பத் திரும்ப நிறைவேறிய கட்டளை என்பதே. வரிகளை எண்ணும் எந்தக் கருவியும் அதைப் பச்சை என்றே காட்டியிருக்கும். வரி பரீட்சிக்கப்பட்டது, அந்த வரியில் வரக்கூடிய எண் பரீட்சிக்கப்படவில்லை. ஆரியான்-5-ன் உண்மையான போக்கைக் கொடுத்துக் கருவியைச் சோதிக்கவில்லை. அந்தப் போக்கு கருவியின் தேவைப் பட்டியலிலேயே சேர்க்கப்படவில்லை என்று குழு கூறிற்று.

நமது உதவித் தொகை விதியிலும் இதே ஆபத்து உண்டு. '60 நிரம்பியவர்' என்பதற்குப் பதிலாக '60-க்கு மேற்பட்டவர்' என்று புரோகிராமில் எழுதியிருந்தால், மேலே சொன்ன நான்கு மனுதாரர்களும் சரியான விடையே பெறுவார்கள். அறுபதாவது பிறந்த நாளன்று மனுச் செய்பவர் மட்டும் ஏமாறுவார். எல்லையிலுள்ள எண்களை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எந்தக் கவரேஜ் கருவியும் சொல்லித் தராது.

எழுதாத வரியை எண்ணுவது எப்படி?

இன்னும் பெரிய குறை ஒன்று இருக்கிறது. வருமான நிபந்தனையையே எழுத மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது புரோகிராமில் இரண்டே நிபந்தனைகள். மூன்று மனுதாரர்களைக் கொண்டு மிகக் கடுமையான முறையிலும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடலாம். பணக்காரர்கள் ஏழைகளின் உதவித் தொகையை மாதந்தோறும் வாங்கிப் போவார்கள். கவரேஜ் என்பது எழுதியதை அளக்கும் கோல். எழுதாமல் விட்டதை அளக்க அதனால் முடியாது. விட்டுப்போனதைத் தேவைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மனிதனால்தான் காண முடியும்.

அன்றியும், வரி நிறைவேறியது என்பது வேறு. விடை சரிபார்க்கப்பட்டது என்பது வேறு. புரோகிராமை முழுவதும் ஓட்டிவிட்டு, வந்த விடையைப் பாராமலே 'பாஸ்' என்று எழுதும் பரீட்சையையும் கருவி பச்சையாகவே காட்டும். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் பேரையும் கூப்பிட்டுவிட்டு, ஒருவரிடமும் கேள்வி கேட்காமல் எல்லோரும் தேறினார்கள் என்று உபாத்தியாயர் எழுதுவதற்கு ஒப்பானது இது.

எண் லட்சியமானால் வரும் கேடு

இத்தகைய போலிப் பரீட்சைகள் ஏன் பிறக்கின்றன? மானேஜர், "80 சதவிகிதம் கவரேஜ் இல்லாமல் மென்பொருள் வெளியே போகக் கூடாது" என்று உத்தரவிடுகிறார். தேதி நெருங்குகிறது, கணக்கு 71-ல் நிற்கிறது. கடினமான, அபாயகரமான பகுதிகளுக்குப் பரீட்சை எழுத நாள் பிடிக்கும். சுலபமான, பிழைக்கு இடமில்லாத வரிகளைத் தொட்டுவிட்டால் மாலைக்குள் எண் ஏறிவிடும். வேலையாள் எதைச் செய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. குற்றம் அவருடையது என்று நாம் கருதவில்லை; எண்ணைக் கேட்டவர்களுக்கு எண் கிடைத்தது. ஓர் அளவையைக் கட்டுப்பாட்டுக்கு உபயோகிக்க ஆரம்பித்த உடனேயே அது அளவையாக இருக்கும் யோக்கியதையை இழக்கத் தொடங்குகிறது என்ற கருத்தைப் பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் பண நிர்வாகத்தைப் பற்றிச் சொன்னார். மென்பொருள் தொழிலுக்கும் அது பொருந்தும்.

ஆராய்ச்சியும் இதையே ஊர்ஜிதம் செய்கிறது. லாரா இனோசெம்ட்சேவா, ரீட் ஹோம்ஸ் என்ற இருவர் ஐந்து பெரிய ஜாவா மென்பொருள்களுக்கு 31,000 பரீட்சைத் தொகுதிகளை உண்டாக்கி ஆராய்ந்து, முடிவை 2014-ல் வெளியிட்டார்கள். தொகுதியில் எத்தனை பரீட்சைகள் இருக்கின்றன என்பதைச் சமமாக்கிவிட்டுப் பார்த்தால், கவரேஜ் உயர்வுக்கும் பிழை பிடிக்கும் திறமைக்கும் உள்ள சம்பந்தம் சொற்பமாகவோ மிதமாகவோதான் இருந்தது. பரீட்சை எட்டாத இடத்தைக் கண்டுபிடிக்கக் கவரேஜ் பயன்படும். தரத்துக்கு இலக்காக அதை வைக்கக் கூடாது என்பது அவர்களுடைய முடிவு.

பரீட்சையைப் பரீட்சிப்பது

அப்படியானால் வேறு கதி இல்லையா என்றால், உண்டு. புரோகிராமில் வேண்டுமென்றே சிறு பிழைகளைப் புகுத்தி, இருக்கும் பரீட்சைகள் அவற்றைப் பிடிக்கின்றனவா என்று பார்க்கும் முறை ஒன்றை டிமிலோ, லிப்டன், சேவர்ட் என்ற மூவர் 1978-ல் விளக்கி எழுதினார்கள். '60 நிரம்பியவர்' என்பதை '60-க்கு மேற்பட்டவர்' என்று கருவி மாற்றி வைக்கும். எல்லாப் பரீட்சைகளும் அப்போதும் 'பாஸ்' என்றே சொன்னால், நமது பரீட்சைகள் தூங்குகின்றன என்று அர்த்தம். விடையைப் பாராத போலிப் பரீட்சை இதற்கு முன் நிற்காது.

மற்றொரு முறையில் கவரேஜ் மார்க்காக இல்லாமல் விளக்காக உபயோகப்படுகிறது. கருவி, கொடுக்கும் விவரங்களைத் தானாகவே கண்டபடி மாற்றி மாற்றிப் புரோகிராமுக்கு ஊட்டும். ஒரு மாற்றத்தால் இதுவரை தொடாத கிளை ஒன்று தொடப்பட்டால், அந்த மாற்றத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டு அதிலிருந்து மேலும் மாற்றிப் பார்க்கும். மிகேல் ஜலெவ்ஸ்கி 2013-ல் வெளியிட்ட ஏ.எஃப்.எல். என்ற கருவி இம்முறையைப் பிரபலமாக்கிற்று.

இரண்டின் பலத்தையும் பலவீனத்தையும் ஒரே இடத்தில் காண எஸ்.க்யூ.லைட் என்ற மென்பொருளைப் பார்க்கலாம். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ல் ஆரம்பித்த இந்த விவரக் களஞ்சிய மென்பொருள், நம் கையிலுள்ள கைப்பேசிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. விமானத் துறையின் 'ஏ' தரக் கவரேஜை அதன் மூலப் பகுதிக்கு நூற்றுக்கு நூறு சாதித்திருக்கிறார்கள். 2023-ல் வெளியான 3.42-ம் பதிப்பில், மென்பொருளின் வரிகளைப் போல் 590 மடங்கு வரிகள் பரீட்சைக்காக எழுதப்பட்டிருந்தன. இவ்வளவு சிரத்தை எடுத்தும், விவரங்களை மாற்றி ஊட்டும் முறையால் அதில் பிழைகள் அகப்பட்டன. அகப்பட்டதை மறைக்காமல், அம்முறையையும் தங்கள் நித்தியப் பரீட்சைகளில் அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். நூற்றுக்கு நூறு வாங்கியவர்களே அது போதாது என்று நடந்து காட்டியிருக்கிறார்கள்.

நாம் கேட்க வேண்டியது

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் நமது இளைஞர்கள் ஏராளமானோர் மென்பொருள் பரீட்சையையே ஜீவனமாகக் கொண்டிருக்கிறார்கள். அந்நிய நாட்டுக் கம்பெனிகளுக்கு அவர்கள் செய்து தரும் வேலை ஒரு பக்கம் இருக்க, நமது ஜனங்களின் பணமும் உரிமையும் உள்நாட்டு மென்பொருள்களை நம்பி நிற்கும் காலம் வந்துவிட்டது. ஆகவே இவ்விஷயத்தில் சில கோரிக்கைகளை வெளியிடுவது நமது கடமை என்று எண்ணுகிறோம்.

பொது ஜனங்களின் பணத்தில் செய்யப்படும் மென்பொருளுக்கு, கவரேஜ் எத்தனை சதவிகிதம் என்று மட்டும் கேட்பதை ஸர்க்கார் நிறுத்த வேண்டும். எந்தெந்தப் பகுதிகள் பரீட்சிக்கப்படவில்லை, ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன என்ற பட்டியலைக் கேட்க வேண்டும். எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே எண்ணை விதிக்காமல், பிழை நேர்ந்தால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதைக் கொண்டு விமானத் துறையைப் போல் தரம் பிரிக்க வேண்டும். ஓர் ஏழையின் உதவித் தொகையை நிறுத்தும் அதிகாரமுள்ள வரிக்கு, திரையில் வர்ணம் மாற்றும் வரியைக் காட்டிலும் கடுமையான பரீட்சை வேண்டும். பரீட்சைகள் சட்டத்தையும் விதியையும் பார்த்து எழுதப்பட வேண்டும். புரோகிராமைப் பார்த்து அல்ல. எண்ணைக் காட்டி வேலையாட்களுக்குப் பரிசோ தண்டனையோ கொடுக்கும் வழக்கத்தைக் கம்பெனிகள் கைவிட வேண்டும்.

இவற்றுக்குப் பணமும் காலமும் அதிகமாகும் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். வாஸ்தவம். ஆனால் செய்யாமல் விட்டாலும் செலவு உண்டு. அதைக் கொடுப்பவர் கம்பெனியல்ல. தகுதி இருந்தும் தொகை மறுக்கப்பட்டு ஆபீஸ் வாசலில் நிற்பவர் அதைக் கொடுக்கிறார். கம்ப்யூட்டர் சொல்லிற்று என்ற பதிலோடு அவரைத் திருப்பி அனுப்பு முன், அவரைப் போன்ற ஒருவரின் மனுவை வைத்து அந்தக் கம்ப்யூட்டரை எப்போதாவது பரீட்சித்ததுண்டா என்று அதிகாரிகளை நாம் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குச் சதவிகிதத்தில் பதில் சொல்ல முடியாது. உண்டு அல்லது இல்லை என்றுதான் சொல்ல முடியும்.